நாத்தனார் வீட்டுக்காக நான் பேசிய ஸ்பானிஷ்

என் நாத்தனாருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. பன்னிரண்டு வருடமாக இதை இருவரும் மரியாதை குறையாமல் நடத்திவந்தோம். அவர் கலிபோர்னியாவில், பிளசன்டனில் இருக்கிறார். நாங்கள் டெக்சஸில், ரவுண்ட் ராக்கில். நடுவில் மூன்றரை மணி நேர விமானப் பயணம் இருந்ததால் குடும்பத்தில் யாருக்கும் பெரிய தொந்தரவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கூரை போடுகிறவர்கள், கான்கிரீட் வேலை செய்கிறவர்கள். முதுகும் முழங்காலும் போன பிறகு வருவார்கள். அவர்களோடு பேசிப் பேசியே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டேன். எங்கே வலிக்கிறது என்று கேட்பதில் தொடங்கி, ஒன்பது வருடத்தில் அவர்கள் வீட்டுச் சண்டை வரைக்கும் புரியத் தொடங்கிவிட்டது. ஒரு தேங்க்ஸ்கிவிங் விருந்தில் நாத்தனார் தன் தோழிகளிடம் சொன்னார்: "எங்க தம்பி ஒய்ஃபுக்கு ஸ்பானிஷ் எல்லாம் வரும். தோட்டக்காரன் வந்தா கூப்பிட்டுக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதைவிட நான் சிரித்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அவருடைய கணவர் தன் கம்பெனியை விற்ற கையோடு, இருவரும் தெற்கு ஸ்பெயினில் வீடு வாங்கப் போவதாகச் சொன்னார்கள். அங்கே பழைய பண்ணை வீடுகளைக் 'கோர்த்திஹோ' என்பார்கள். சுண்ணாம்பு அடித்த தடித்த சுவர், சிவப்பு ஓடு, நடுவில் முற்றம், சுற்றிலும் ஆலிவ் மரங்கள். இவர்கள் பார்த்த வீட்டில் இதெல்லாம் இருந்தது. கூடவே நீச்சல் குளம், ஒயின் அறை, வெந்நீர் ஓடும் தரை. மாடு கட்டியிருந்த கொட்டகையைப் படுக்கையறை ஆக்கியிருந்தார்கள். அதை விற்கிற வீட்டுக்காரருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது.

நாத்தனார் எனக்கு போன் செய்தார். அவராக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் முறை.

"ஏஜென்டுக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனா அவ அவங்க பக்கம்தான் பேசுவா. நீ நம்ம ஆளு இல்லையா?"

நம்ம ஆளு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமைதோறும் எங்கள் நேரப்படி காலை ஒன்பது மணிக்கு வீடியோ கால். நாத்தனார் வீட்டில் அப்போது ஏழு மணி, கையில் காபியோடு சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்பெயினில் மாலை நான்கு. வீட்டுக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கையில்லாத பனியனோடு, போனைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தார். சிரிக்கவே மாட்டார். எதைக் கேட்டாலும், இது கூடத் தெரியாதா என்பது போல ஒரு பெருமூச்சு விடுவார். முதல் காலிலேயே நாத்தனார் தமிழில் சொன்னார்: "மூஞ்சியப் பாரு, மாட்டுக்கொட்டகையிலேயே பொறந்து வளர்ந்தவன் மாதிரி."

"அந்த அம்மா என்ன சொன்னாங்க?" என்று வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார்.

"வீடு அழகாயிருக்குன்னு சொல்றாங்க."

"இல்லை. அப்படிச் சொல்லலை," என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

இரண்டாவது சனிக்கிழமை கிணற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. குடிக்க, குளத்துக்கு, மரங்களுக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஆழ்துளைக் கிணறுதான். அதற்கு அரசாங்க அனுமதி இருக்கிறதா என்று நாத்தனாரின் கணவர் கேட்டார். நான் ஸ்பானிஷில் கேட்டேன். வீட்டுக்காரர், "தண்ணீரா? எங்க அப்பா காலத்திலேர்ந்து அது வத்தினதே இல்லை," என்றார்.

அதை அப்படியே சொல்லிவிட்டு, "அக்கா, அவர் பெர்மிட் பத்தி பதிலே சொல்லல. தண்ணி இருக்குன்னு மட்டும்தான் சொல்றார். திருப்பிக் கேக்கட்டுமா?" என்றேன்.

"நீ என்ன லாயரா?" என்றார் நாத்தனார். "அவன் சொன்னதை மட்டும் சொல்லு. உன் ஒப்பீனியனை யாரு கேட்டா? இப்படித் துருவித் துருவிக் கேட்டா வீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடப் போறான்."

அவருடைய கணவர் காபிக் கோப்பைக்குள் சிரித்தார். என் கணவர் எனக்குப் பின்னால் அடுப்பருகே தோசை வார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டது. தோசையைத் திருப்பிப் போட்டார்.

மூன்றாவது கால்தான் கடைசி. முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் கூரையின் மர உத்தரங்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள். அவர் போனை மேலே பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் உத்தரம் மட்டும் தெரிந்தது. அப்போது உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது.

"தண்ணீர் ஆபீஸ்லேர்ந்து வந்த லெட்டரைச் சொல்லிடு. எப்படியும் தெரியத்தான் போகுது."

"வாயை மூடு. கையெழுத்துப் போட்டுட்டா அது அவங்க பாடு," என்றார் இவர், குரலைத் தாழ்த்தி.

"என்ன பேசிக்கிறாங்க?" என்றார் நாத்தனார்.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. எதைச் சொல்ல வேண்டும் என்பது தெரியும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

"வீட்டு விஷயம் ஏதோ பேசிக்கிறாங்க," என்றேன்.

அவசரத்தில், ஏஜென்ட் கைகாட்டிய வக்கீலையே வைத்து வாங்கினார்கள். ஜூன் மாதம் அங்கே போய்ப் பால் காய்ச்சினார்கள். எங்களைக் கூப்பிடவில்லை. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நாற்பது படங்கள் வந்தன: முற்றத்தில் கோலம், வாசல் வளைவில் மாவிலைத் தோரணம், நீச்சல் குளத்தின் ஓரத்தில் பட்டுப்புடவையோடு நாத்தனார். எல்லாவற்றுக்கும் லைக் போட்டேன்.

ஆகஸ்டில் அதிகாரிகள் வந்து மோட்டாருக்கு சீல் வைத்தார்கள். அந்தக் கிணற்றுக்கு எந்தக் காலத்திலும் அனுமதி இருந்ததில்லை. மண் பாதையில் லாரித் தண்ணீர் ஏறிவந்தது, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். குளம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டதாக என் கணவர் சொன்னார். நான் உச்சுக்கொட்டினேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நாத்தனாரின் கணவர் ஆபீஸ் பழக்கத்தில் மூன்று கால்களையும் ரெக்கார்ட் செய்திருந்தார். வீட்டை விற்றவர் மேல் வழக்குப் போட வேறு வக்கீலை வைத்தபோது அவரிடம் அவற்றைக் கொடுத்தார். வக்கீல் ஆள் வைத்து ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பெட்டி இல்லை, கைப்பை மட்டும். உள்ளே வந்து, தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காமல், காகிதத்தை எடுத்து வாசித்தார். வீட்டுக்காரரின் மனைவி சொன்னது, அவர் சொன்னது, கடைசியில் நான் சொன்னது.

"உனக்குப் புரிஞ்சுது. இல்லையா?"

"புரிஞ்சுது."

"புரிஞ்சும் சும்மா இருந்தே."

"அவர் நம்மகிட்ட சொன்னதை மட்டும்தானே சொல்லச் சொன்னீங்க? அது அவர் பொண்டாட்டிகிட்ட சொன்னது."

இந்த வாக்கியத்தை எத்தனை நாளாக மனதுக்குள் தீட்டி வைத்திருந்தேனோ தெரியாது. தடுமாற்றமே இல்லாமல் வந்தது.

நாத்தனார் கத்தவில்லை. "இவ்ளோ விஷமா உனக்கு?" என்றார். பிறகு தம்பியைப் பார்த்தார். "உன் பொண்டாட்டிய வச்சுக்கோ. இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"உங்களுக்கு நான் எப்பவாவது மனுஷியா தெரிஞ்சிருக்கேனா அக்கா?" என்று கேட்டேன். அவர் முன்னால் அழக்கூடாது என்று சிங்க் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் வெளியே நின்று, விமான நிலையத்துக்கு வண்டி வரவழைத்துக்கொண்டிருந்தார். என் கணவர் கூடப் போய் நின்றார். அக்கா தோளைத் தொடக்கூட விடவில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. என் பெயரும் அந்தக் காகிதங்களில் எங்கோ இருக்கிறதாம். பிளசன்டனில் எந்த விசேஷம் என்றாலும் என் கணவர் மட்டும் போய்வருகிறார். வந்ததும் அங்கே என்ன சமையல் என்பதைத் தவிர எதுவும் சொல்ல மாட்டார்.

போன மாதம் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்: "நிஜமா சொல்லு. பழி வாங்கணும்னுதான் பண்ணியா?"

ரோஷத்தில் செய்துவிட்டேன், யோசிக்க நேரமில்லை என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ஆமா," என்றேன்.

தன் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். மீதியை நான் மடித்து வைத்தேன்.