பூம்பாறைக்கு வந்த இரண்டு ஜீப்

பின்லாந்தில் ஒருவரைத் தொலைபேசியில் அழைக்குமுன், அழைக்கலாமா என்று செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும். கேட்காமல் அடித்தால் யாரோ செத்துப்போனதாக நினைத்து முகம் வெளுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே வெளுத்த முகம்தான். அதற்கு மேலும் வெளுக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில், மருந்துக்கடைகளுக்கான மென்பொருளின் பகுதிகள் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மருந்துச்சீட்டைப் படிப்பது ஒரு கணினி, சரக்கை அனுப்புவது இன்னொன்று. ஒன்று மற்றொன்றை நேரடியாகக் கூப்பிட்டு, பதில் வரும்வரை காத்து நிற்கலாம். அல்லது சேதியை நடுவில் ஒரு க்யூவில் போட்டுவிட்டுத் தன் சோலியைப் பார்க்கலாம். மற்றது கை ஒழிந்தபோது எடுத்துக்கொள்ளும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் வேலை போகும், கூடவே விசாவும் போகும். ஒரு வாரமாக ராத்திரியெல்லாம் எழுந்து விசாவில் உள்ள தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மட்டும், 'அருமையான சவால்' என்று சொல்லித் திரிந்தேன்.

கூட்டத்தில் க்யூதான் என்றேன். "சேதி போய்ச் சேரும் என்பது நிச்சயமா?" என்று கேட்டார் மேலாளர் மார்க்கு.

"சேரும்."

"எப்போது?"

"சேரும்போது."

வேடிக்கை என்று நினைத்து நானே சிரித்தேன். அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

எங்கள் ஊர் பூம்பாறையில் அப்படித்தானே நடக்கிறது! மழை பிடித்தால் டவர் படுத்துவிடும். பூண்டு மூட்டை ஏற்றக் கொடைக்கானல் ஜீப்காரனை வரச்சொல்ல, பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிடுவோம். ஒருமுறை என் அண்ணன் நம்பிக்கையில்லாமல், அதே சேதியைப் பால்வண்டிக்காரரிடமும் சொல்லிவிட்டார். மறுநாள் வெள்ளனே ஜீப்காரன், கூட்டாளியின் ஜீப்பையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"ரெண்டு வாட்டி சொல்லிவிட்டீங்களேண்ணே, ரெண்டு லோடுன்னுல நெனச்சேன்!"

"ஏலே, ஒரே லோடைத்தாம்லே ரெண்டு வாட்டி சொன்னேன்!"

இதை மார்க்குவிடம் சொன்னேன். ஒவ்வொரு சேதிக்கும் ஓர் அடையாள எண் வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நோயாளிக்கு மருந்து இரண்டு தடவை போகும் என்று விளக்கினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டே, "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை. இந்த ஊர் மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருளா, சமாதி என்று பொருளா, தெரியவில்லை.

இதற்கிடையில் அண்ணனின் குரல்செய்தி: "ஏன்டா, வேலை நிக்குமா நிக்காதா? ஒம் பங்குப் பூண்டுக் காடு சும்மா கெடக்கு. குத்தகைக்குக் கேக்குறாங்க. நீ திரும்பி வர்றதுன்னா விடலை. வெரசா சொல்லு."

"குத்தகைக்கு விட்ருங்கண்ணே" என்று அனுப்பினேன். டீ கொதிப்பதற்குள் பயம் பிடித்து, "விட வேணாம்ண்ணே" என்று இன்னொன்றும் அனுப்பினேன்.

இரண்டுக்கும் ஒற்றை டிக்தான், இன்னும் போய்ச் சேரவில்லை. பூம்பாறையில் மழை போலிருக்கிறது. டவர் எழுந்ததும் இரண்டும் சேர்ந்தே அண்ணன் முன் போய் நிற்கும், அந்த இரண்டு ஜீப் மாதிரி. ஆனால் இவை ஒரே லோடு இல்லை. எதைத் தள்ளிவிடுவார்?