ஒற்றைக்கண் முழுவியளம்

ரயில் அருங்காட்சியகத்தில் அந்த எஞ்சினுக்குப் பச்சை வர்ணம் பூசி, சுற்றிவரச் சங்கிலி கட்டி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஓடிய காலத்தில் அது கரி அப்பிய கறுப்பு. நெற்றியில் ஒரேயொரு விளக்கு. அந்த விளக்கில்தான் என் கலியாணம் தடுக்கி விழுந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. எனக்கு ஆசிரிய கலாசாலைக்குப் போக ஆசை. ஐயாவுக்கோ என்னைச் சாவகச்சேரிப் புகையிலை வியாபாரி ஒருவருக்குக் கட்டிக்கொடுக்க ஆசை. தாரமிழந்தவர், ஏறக்குறைய ஐயாவின் வயதுக்காரர். நான் அழுததை யாரும் சட்டை செய்யவில்லை.

ஐயா முழுவியளம் என்கிற சகுனம் பார்க்காமல் படலை தாண்டமாட்டார். எதிரே சுமங்கலி வந்தால் நல்லது, விறகுக்கட்டு வந்தால் கூடாது, ஒற்றைக்கண் வந்தால் பயணமே இல்லை. சம்பந்தம் பேசப் புறப்பட்ட அன்று ஸ்டேசன் வரை எல்லாம் சுபம். வடக்கே காங்கேசன்துறைப் பக்கமிருந்து கோச்சி வந்தது. ஐயா எஞ்சினின் முகத்தைப் பார்த்தார். அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"ஒற்றைக்கண்ணன் நேர எதிர வாறான். எப்பிடிப் போறது?"

வழக்குக்கும் சந்தைக்கும் அதே கோச்சியில் போய்வந்தவர்தான். நல்ல காரியம் என்றதும் அதன் கண் தெரிந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, எஞ்சினுக்கு ரெண்டு கண் வைக்கச் சொல்லித் துரைமாருக்கு எழுதுங்கோவன்," என்றார் அம்மா. பிறகு அவரே வழியும் சொன்னார். "கோச்சி வரேக்கை மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கோ."

அம்மா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த நல்ல நாளில் நாங்களும் வழியனுப்பப் போனோம். கோச்சி ஊதியதும் ஐயா அதற்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்து நின்றார். எங்கள் ஸ்டேசனில்தான் இரண்டு கோச்சிகளும் ஒன்றுக்கொன்று வழிவிடும் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எஞ்சின், ஒற்றை விளக்கோடு நேரே அவர் முகத்துக்கு வந்தது. ஐயா அவசரமாகக் குடையை விரித்தார். பார்த்தது பார்த்ததுதான்.

சாவகச்சேரியார் பொறுமை இழந்து வேறிடத்தில் முடித்துக்கொண்டார்.

"உன்ரை சாதகத்தோடை இனி என்னாலை மாரடிக்க ஏலாது. போய்ப் படி," என்றார் ஐயா. அன்று நான் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

அருங்காட்சியகத்தில் நின்றது அதே எஞ்சின்தானோ, அதன் கூடப்பிறந்ததோ, தெரியாது. விளக்கைக்கூட யாரோ கழற்றிவிட்டார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினேன். மகளுக்கு ஒரே வெட்கம்.

"அம்மா, சனம் பாக்குது. உந்த இரும்பை ஏன் கும்பிடுறியள்?"

"உவர்தான் பிள்ளை, என்னைப் படிப்பிச்சவர்."