நாகத்துக்கு வைத்த பால்

வெள்ளைக்காரக் கடற்படை போனபிறகு காலியான வீடுகளில் ஒன்று ஓர்ஸ் ஹில் மேட்டில் எங்களுக்குக் கிடைத்தது. என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டுக்கு முன்னால் நல்ல விறாந்தை இருந்தது. பின்னால் பாறையும் பற்றையும், அதை ஒட்டிக் குசினியும். அடுப்புத் திட்டுக்குக் கீழே விறகு அடுக்கப் பொந்து மாதிரி ஒரு இடம் விட்டிருந்தார்கள். அந்த இருட்டுக்குள் கை விடவே எனக்குப் பிடிக்காது.

ஒருநாள் காலையில் விறகை இழுத்தபோது கட்டையோடு ஒரு பாம்புச் சட்டையும் வந்தது. என் கையை விட நீளம். படம் எடுக்கும் இடம் அகன்று தெரிந்தது. நான் போட்ட கத்தலில் இடுப்பிலிருந்த பிள்ளையும் வீரிட்டு அழுதது. அப்போதுதான் அது தவழத் தொடங்கியிருந்தது.

அன்றைக்கு விறகு கொண்டுவந்த கிண்ணியா ஊர்க்காரரை நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் குந்தியிருந்து உள்ளே பார்த்தார். “தங்கச்சி, நாகம் முட்டையிட்டு அடைகிடக்குது. ஓமெண்டு சொல்லுங்க, இப்பவே அடிச்சுப் போடுறன்.”

நான் வாயெடுக்க முதல் என் கணவர் குறுக்கே வந்துவிட்டார். “வேண்டாம் காக்கா. எங்களுக்கு அதை அடிக்க ஏலாது.”

ஏலாதுதான். கல்யாணமாகிப் பல வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்து, வெள்ளி தவறாமல் பால் வைத்துப் பெற்ற பிள்ளை இது. பிள்ளையின் பேரிலேயே நாகம் இருந்தது. “தான் தந்த பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார். குஞ்சு பொரிச்சதும் போயிடுவார். நீர் பயப்படாமல் பாலை வையும்” என்றார் என் கணவர். அவருக்கென்ன, காலையில் வேலைக்குப் போய்விடுவார். அந்த விருந்தாளியோடு பகல் முழுக்கக் குடித்தனம் பண்ணுகிறவள் நான்.

வைத்தேன். பிள்ளைக்குப் பால்மாவைக் கரைத்துக் கொடுத்துவிட்டுப் பசும்பாலைப் பாம்புக்கு வைத்தேன். சமையலை முற்றத்துக்கு மாற்றி, குசினிக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் சாக்கு அடைத்தேன். பிள்ளை விழித்திருக்கும் நேரமெல்லாம் கதிரையில் துணியால் கட்டி இருத்தினேன். அது அவிழ்த்துவிடச் சொல்லி அழுதது. நான் பயத்தில் அழுதேன். சுவரில் பல்லி ஓடினாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். விளக்கேற்றி வைத்து, “போயிடும் தம்பிரானே, தயவுசெய்து போயிடும்” என்று கும்பிட்டேன். சாமியைப் போகச் சொல்லிக் கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்படியே சில வாரம் போனது. அன்றும் வெள்ளிக்கிழமை. பிள்ளை பாயில் நித்திரை. பால் கிண்ணத்தைக் குசினிக்குள் வைத்துத் திரும்ப, முற்றத்தில் சோறு பொங்கி வழியும் சத்தம் கேட்டது. ஓடினேன். கதவைச் சாத்தவில்லை.

திரும்பி வந்தபோது பாயில் பிள்ளை இல்லை. குசினிக்குள் கிண்ணத்தடியில் குந்தி இரண்டு கையாலும் பாலை அளைந்துகொண்டிருந்தது. பாலைக் கண்ட பிள்ளை சும்மா இருக்குமா? கிண்ணத்துக்கு அந்தப் பக்கம், பென்சில் தடிப்பில் ஒரு பாம்புக்குட்டி படம் விரித்து நின்றது. பிள்ளை சிரித்தபடி அதைப் பிடிக்கக் கையை நீட்டியது.

காலைப் பிடித்துப் பிள்ளையைப் பின்னால் இழுத்தேன். கையில் அகப்பட்ட விறகால் குட்டியை அடித்தேன். அது செத்தபிறகும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

அதே நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் செத்த குட்டியைக் கண்டு வாசலில் நின்றுவிட்டார். “என்ன வேலை செய்தீர்? நேர்த்தி வைச்சுப் பெத்த பிள்ளையெல்லே!”

“ஓம், நான் பெத்த பிள்ளை!” என்று கத்தினேன். “கடிச்சுதோ தெரியேல்ல. வந்து பாருங்கோ!”

அவர் பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய், பால் பிசுபிசுத்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தார். பல் பட்ட அடையாளம் இல்லை. அப்படியும் மனம் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பின்னேரம் வரை வைத்திருந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அலவாங்குக் கம்பியை எடுத்தார். விறகை நெம்பி வெளியே தள்ளி, அகப்பட்ட குட்டிகளையெல்லாம் அடித்தார். “தம்பிரானே, பொறுத்துக்கொள்ளும்” என்று அழுதுகொண்டேதான் அடித்தார். பாதி அடி நிலத்தில் விழுந்தது.

தாயை மட்டும் காணவில்லை. பாறைப் பக்கம் போயிருக்கும், இனி வராது என்றார். நான் நம்பவில்லை. என் பிள்ளையை ஒருவர் தொட்டால் நான் வராமல் இருப்பேனா? அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் இரவில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, அவள் வருவாள் என்று பார்த்தபடியே படுத்திருந்தேன்.