ஒட்டுப் போட்ட கையுறை

என் மேசை இழுப்பறையில் பாதிக் கையுறை ஒன்று கிடக்கிறது. மணிக்கட்டுப் பக்கம் கத்தரியால் கோணலாக அறுக்கப்பட்டு, விரல்கள் மட்டும் மிஞ்சிய வலதுகை ரப்பர் கையுறை. ஒரு காலத்தில் செங்காவி நிறமாக இருந்தது. இப்போது காய்ந்த வாழைமட்டை போல வெளிறிவிட்டது. நடுவிரலின் உட்பக்கம் சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய கறுப்பு வட்டம் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஓரமெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து, நகத்தால்கூடக் கிளப்ப முடியாதபடி ஒட்டியவள் என் அக்கா. நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்த்தவர்கள் குப்பை என்று எடுத்துப் போடப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசி வாங்கி வைத்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை எங்கே போனாலும் தலை நிமிர்ந்து சொல்வேன். அப்பா விருத்தாசலத்துப் பீங்கான் சூளை ஒன்றில் சாமான் அடுக்குகிறவர். அக்கா அதே ஊரில் வேறொரு பட்டறையில், கோப்பைகளின் விளிம்பில் தங்கக்கோடு போடுகிறவள். சுழலும் தட்டில் கோப்பையை வைத்து, தூரிகையை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்து, மூச்சை அடக்கி ஒரு சுற்று. கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் எதுவென்று பட்டறை முதலாளிக்கே தெரியாது. நான் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தபோது பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். விடுமுறைக்கு நான் பஸ்ஸிலிருந்து இறங்கினால், "எங்க வூட்டு கலெக்டரு வந்தாச்சி, வழிய வுடுங்க" என்பாள். அந்தக் கிண்டலுக்குள் இருந்த பெருமையை நான் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

சூளையிலிருந்து வெளிவரும் கோப்பைகளில் சிலவற்றில் தங்கம் கோட்டைத் தாண்டித் தீற்றியிருக்கும், பூப்படம் இடம் மாறி ஒட்டியிருக்கும். சுட்ட பிறகு அதைச் சுரண்டி எடுக்க முடியாது. மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றி, ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் தோய்த்துத் துடைத்தால்தான் போகும். பட்டறையில் அதற்கு அழிப்புத் தண்ணி என்று பெயர். கோடு போடுவதோடு இப்படி அழிப்பதும் அக்காவின் வேலைதான். பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். கண்ணாடியைத் தின்றுவிடும் என்பதால் வெள்ளைப் பாலித்தீன் ஜாடியில் வரும். அந்த ஜாடியை நான் முதலில் பார்த்தபோது, பாடப்புத்தகத்தில் படித்த ஒரு வரி நேரில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல மகிழ்ந்தேன். கண்ணாடியை என்ன செய்யும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. கையை என்ன செய்யும் என்று இல்லை.

அழிப்புத் தண்ணி தொடுகிறவர்களுக்கு ஸ்டோரில் கையுறை தருவார்கள். மணிக்கட்டில் வெள்ளைப் பெயின்டால் எண் போட்டிருக்கும். பழையதைக் கொடுத்தால்தான் புதியது என்பது அங்கே சட்டம். அந்தப் புதியதும் உடனே கிடைக்காது, மெட்ராஸிலிருந்து வர வேண்டும். வரும்வரை வெறுங்கையோடு வேலை. அதனால் கிழிந்த கையுறையை யாரும் திருப்பித் தருவதில்லை. சைக்கிள் கடையில் ட்யூப் துண்டு வாங்கி, சொல்யூஷன் தடவி, பஞ்சர் ஒட்டுவதுபோல ஒட்டிக்கொள்வார்கள். அக்காவின் ஒட்டு பேர்போனது. மற்றவர்களும் அவளிடம் கொண்டுவந்து தருவார்கள்.

அந்த விடுமுறையில் ஒருநாள் மதியம் அக்கா சாப்பிட வந்தவள் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனி மதமதவென்று இருக்கிறது என்றாள். பார்த்தேன். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கொஞ்சம் வெளுத்திருந்தன, அவ்வளவுதான். காலையில் துடைத்தபோது கையுறைக்குள் ஈரம் தட்டியதாகவும், வியர்வை என்று நினைத்துக் கழற்றாமல் வேலையை முடித்ததாகவும் சொன்னாள். அந்த ஈரம் காலை முழுக்க அந்த ரப்பருக்குள்ளேயே, அவள் விரல்களோடு அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

அப்பா கையைத் திருப்பிப் பார்த்தார். சூளைக்காரர்களுக்குத் தீக்காயம் என்றால் கொப்புளம். "கொப்புளமே இல்லியே, இது சூடு இல்ல" என்றார். இருந்தாலும் வழக்கப்படி வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து விரல்களில் அப்பினார். அவர் காலிலும் கையிலும் பட்ட எத்தனையோ சூட்டை அந்த மண் ஆற்றியிருக்கிறது. மண் காய்வதற்குள் அக்கா எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு சுவரில் தலையை முட்டினாள். சூளைக்குள் கையை விட்டு எடுத்தும் சிரித்துக்கொண்டே நிற்கக்கூடியவள் அவள். "உள்ள எரியுதுடி, எலும்புல எரியுதுடி, வெட்டிப் போடச் சொல்லுடி" என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டக்குடி முகாமுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் மண்ணைக் கழுவிப் பார்த்துவிட்டு, "கையில ஒண்ணுமே இல்லியேம்மா. பொண்ணுக்குக் கல்யாணம் கில்யாணம் பேசுறீங்களா? புடிக்காம இப்பிடிப் பண்ணுதா?" என்றார். அம்மா அவர் காலில் விழப் போனாள். "அது கத்துற பொண்ணு இல்லீங்க ஐயா, நல்லாப் பாருங்க" என்றாள். அவர் மஞ்சள் களிம்பு தடவி அனுப்பினார்.

அந்த வராந்தாவில் நின்றுகொண்டு நான் படித்ததையெல்லாம் உலுக்கிப் பார்த்தேன். வேறு எதைச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஃப்ளோரின் எதன் மேல் ஆசைப்படும்? எதைக் கண்டால் விடாது? கால்சியம். இரண்டும் சேர்ந்தால் கரையாத உப்பு. பரீட்சையில் நான் எழுதி மதிப்பெண் வாங்கிய சமன்பாடு அது. எலும்பில் எரிகிறது என்று அக்கா ஏன் கத்துகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த அமிலம் தோலில் நிற்காமல் உள்ளே போய் அவளுடைய கால்சியத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு வேறு கால்சியத்தைக் கொடுத்தால் அவளை விட்டுவிடுமோ?

பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். மருந்துக்கடைக்காரர் சீட்டு இல்லாமல் ஊசி மருந்து தர மறுத்தார். கர்ப்பிணிகள் சாப்பிடும் கால்சியம் மாத்திரை இருந்தது. "யாருக்கும்மா மாசமா இருக்குது?" என்றார். "எங்கக்கா கைக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மாத்திரையோடு கிளிசரினையும் எடுத்து வைத்தார். வீட்டில் விளிம்பு உடைந்த கோப்பை ஒன்றில் மாத்திரைகளைப் பொடித்து, கிளிசரினில் குழைத்து, அக்காவின் விரல்களில் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். அலறல் முனகலாயிற்று. "இப்பத் தேவலடி" என்றாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. சாமியைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் சற்று நேரத்தில் வலி திரும்பியது. உள்ளே போனதை வெளியே தடவுவது எட்டவில்லை. மறுபடி தேய்த்தேன், மறுபடி அடங்கியது, மறுபடி வந்தது. மாத்திரை தீர்ந்தது. நகத்தைச் சுற்றி முதலில் சாம்பல் நிறம், பிறகு கருநீலம்.

அன்று ராத்திரி பஸ் பிடித்துப் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த டாக்டரம்மா கால்சியம் ஊசியையே விரல்களுக்குள் போட்டார். அக்கா அப்படியே தூங்கிப்போனாள். "மாத்திரைய அரைச்சுப் போட்டது யாரு?" என்று கேட்டார். நான் என்றேன். "சரியாத்தான் செஞ்சிருக்க. ஆனா இது காலையிலயே நடந்திருக்கணும்" என்றார். அந்த இரண்டு வாக்கியங்களில் முதல் வாக்கியத்தை என்னால் இன்றுவரை ஆறுதலாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அதற்குள் உள்ளே செத்துப்போயிருந்ததால், தூரிகை பிடித்த இரண்டு விரல்களையும் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

பட்டறை சூப்பர்வைசரிடம் போனேன். அமிலத்துக்குப் பக்கத்தில் இந்த மாத்திரைக் களிம்பை வையுங்கள் என்று கேட்டேன். "அத வெச்சா பொண்ணுங்க பயந்துக்கும்மா. ஒங்க அக்காவுக்கு ஒட்டுப் போடத் தெரியல, அதுக்கு நாங்க என்ன பண்றது?" என்றார். அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது. கை போனதற்கு அழாத அக்கா அதற்கு அழுதாள். "ஒட்டு நல்லாத்தான்டி போட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கட்டுப் பிரித்த வாரம், அக்காவுக்குப் பக்கத்து ஸ்டூலில் வேலை பார்த்த மங்கலம்பேட்டைப் பெண் வீட்டுக்கு வந்தாள். அக்காவின் இடத்தில் இப்போது அவள்தான் அழிப்புத் தண்ணி தொட வேண்டும். வெகுநேரம் வேறு ஏதேதோ பேசினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அந்தக் கையுறை இருந்தாக் குடுக்கா. வெறுங்கையில தொடச் சொல்றாங்க" என்றாள். அக்கா உள்ளே போய்க் கையுறையையும் கத்தரியையும் எடுத்து வந்தாள். இடதுகையால் கத்தரி பிடித்துப் பழக்கமில்லை. கையுறையை முழங்காலுக்கு இடையில் இடுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். எண் போட்ட மணிக்கட்டுத் துண்டை அவளிடம் நீட்டினாள். "இதக் காட்டி புதுசு கேளு. இந்த வெரல யாரும் போடக் கூடாது" என்றாள். ஸ்டோரில் துண்டை வாங்கிக்கொண்டு, மெட்ராஸிலிருந்து வரட்டும் என்றார்களாம். அவள் பாலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொண்டு வேலை செய்தாள்.

நான் படிப்பை முடித்து, மிஞ்சிய அந்த விரல் பாதியையும் எடுத்துக்கொண்டு, மெட்ராஸில் பிளாஸ்டிக் கலன்களைச் சோதிக்கும் வேலைக்கு வந்தேன். பாலித்தீன் கேனில் பெட்ரோல் ஊற்றி வைத்தால் சுவர் வழியாகவே மெல்லக் கசிந்துவிடும். சென்ற வருடம் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர், நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுபவர், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைக் காட்டினார். அந்தக் கேன்மீது நைட்ரஜன் கலந்த ஃப்ளோரின் வாயுவைச் செலுத்தினால், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் மட்டும் ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டு ஃப்ளோரின் உட்கார்ந்துகொள்கிறதாம். பிறகு பெட்ரோல் கசிவதில்லையாம். "எவ்ளோ அழகா தோலோட நின்னுடுது பாரும்மா" என்றார். எழுந்து வெளியே போய்விட்டேன். ஒரு கேனின் தோலுக்குக் காவலாக நிற்கத் தெரிந்த தனிமம் என் அக்காவின் தோலில் நின்றிருக்கக் கூடாதா என்று குழாயடியில் நின்று அழுதேன். அது அமிலம், இது வாயு, இரண்டுக்கும் வழி வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

அன்று திரும்பி வந்து, கேனைச் சோதிப்பதுபோலவே பாதிக் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டேன். அக்காவின் ஒட்டு பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பிரிகிற இடுக்கில் ஒரு துளி திரண்டு விழுந்தது. பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கிழிசலோ வெடிப்போ அல்ல. செய்யும்போதே காற்றுக் குமிழி நின்று மெலிந்த இடம், நாளாக ஆகத் துளையாகியிருக்கிறது. கையுறை ஸ்டோரிலிருந்து வந்த அன்றே அந்தக் குறையோடுதான் வந்திருக்கிறது.

ஊருக்குப் போனபோது சொன்னேன். அக்கா இடதுகையால் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்தாள். "ஒட்டு ஒழுகலக்கா" என்றேன். "நான் போட்ட ஒட்டு எப்பிடிடி ஒழுகும்?" என்றாள். மல்லாட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எங்கதான் ஒழுகுச்சி?" என்று வலதுகையை நீட்டினாள். அந்தக் கையில் காட்ட இடமில்லை. என் கையை விரித்து, இரண்டு விரல்களுக்கும் நடுவில் தொட்டுக் காட்டினேன். அக்கா என் கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட மனமில்லாமல் நானும் விரலை மடக்கவில்லை.