சத்தியபாய் டீச்சரின் பல்வலி

சத்தியபாய் டீச்சருக்கு வாயில் ஒரு பல்கூடச் சொத்தை கிடையாது. ஆனாலும் ஐம்பத்து நாலாம் வருஷக் கடைசியில் அவள் எழுதிய கார்டுகளில் பல்வலி வராத வாரம் குறைவு.

கணவன் ஜெயதாஸ், தங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று பாறசாலையில் ஊர்வலம் போனவன். போலீஸ் அவன் பெயரை எழுதியதும் ஆரல்வாய்மொழி எல்லையைக் கடந்து, வள்ளியூரில் யோசுவா என்ற சிநேகிதனின் மரக்கடையில் ஒதுங்கினான். போகும்போது ஓர் ஏற்பாடு. கார்டு யோசுவா பெயருக்குப் போகும். போலீஸ் தேடுகிறவரை அதில் ‘டிரபிள்’ என்ற சொல் இருக்க வேண்டும். அது இல்லாத கார்டு வந்தால் அவன் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவான்.

“கஷ்டம்ணு எழுதினா போராதா?”

“கஷ்டம் இல்லாத காயிதம் எந்த வீட்டுல உண்டு?”

அப்படி வாரம் ஒரு டிரபிள் பிறந்தது. பசுவின் மடியில் டிரபிள், கிணற்றுக் கப்பியில் டிரபிள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளால் டிரபிள். ஒன்றும் தோன்றாவிட்டால் பல். கார்டை வாங்கிப் போகும் தபால்காரர் வேலாயுதன், அவள் முகத்துக்கு நேரே நின்றே அதை வாசிப்பார். ஒருநாள் கிராம்புத் தைலம் கொண்டுவந்தார். பிறகு, “டீச்சரே, அதைப் பிடுங்காம விடாது” என்றார். பிடுங்கியாயிற்று என்று சொல்லிவைத்தாள்.

டிசம்பரில் பதில் வந்தது. ‘கிறிஸ்மஸுக்குள் டிரபிள் தீருமா?’ கீழே யோசுவா என்றிருந்தது, எழுத்து ஜெயதாஸுடையது. வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். காலையில் சாயா போடும்போது கை தானாக இரண்டு தம்ளர் எடுத்தது. எதிர்ச் சாயாக்கடையில் காவலிருந்த போலீஸ்காரனையும் பத்து நாளாகக் காணவில்லை. உட்கார்ந்து எழுதிவிட்டாள்: ‘பசு சுகம். கிணறு சுகம். நானும் சுகம்.’

வேலாயுதன் வாசலில் நின்று வாசித்தார்.

“டிரபிள் ஒண்ணும் இல்லியா! கொள்ளாமே!” கார்டைப் பைக்குள் போட்டபடியே சொன்னார்: “அந்தப் போலீஸ்காரனுக்கும் காய்ச்சல் மாறியாச்சு. இண்ணு காலத்தயே சாயாக்கடையில வந்து இருந்து, ஜெயதாஸ் வந்தானாண்ணு கேக்கான்.”

சத்தியபாய் கையை நீட்டினாள்.

“அண்ணே, அத இஞ்ச தாங்க.”

கார்டைச் சுவரில் வைத்து ஒரு வரி சேர்த்தாள். வேலாயுதன் எட்டிப் பார்த்தார்.

“பல்லுக்கு டிரபிளா? அதப் பிடுங்கியாச்சுண்ணு சொன்னீங்களே!”

“இது பக்கத்துப் பல்லாக்கும்.”

கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் கண் நிறைந்ததை வேலாயுதன் பார்த்துவிட்டார்.

“அவ்வளவு நோவா மக்கா? கண்ணீரு விட்டுக் கரையாத, நாளைக்குத் தைலம் கொண்டு வாறேன்.”