ஆடு தின்ற காகித இதயம்

குழந்தைகளே, எங்கள் வெண்ணந்தூரில் நெசவுக்கான நீள இழைகளை, பாவு என்போம், தெருவில் நீட்டிக் கட்டித்தான் கஞ்சி போடுவோம். ஒருநாள் பக்கத்து வீட்டு ராமாயி அக்காவின் ஆடு கஞ்சியை நக்கி, இழைகளை அறுத்துவிட்டது. அன்று அவரோடு சண்டை போட்ட நான், பிறகு பேசவே இல்லை.

ஒருமுறை தேவாலயத்து ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளை சிவப்புக் காகிதத்தில் இதயம் செய்து, அன்பாக யாருக்காவது கொடுக்கச் சொன்னார்களாம். என் மகள் எஸ்தர் என் பாவுக் கஞ்சியைப் பசையாக எடுத்து, இதயத்தில் பூக்களை ஒட்டினாள். அப்படியே ராமாயி வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அத்தை, உங்களுக்குத்தானுங்க!"

ராமாயி என்னைப் பார்த்தார், கை நீட்டவில்லை. பிள்ளை ஏமாந்துவிடுவாளே என்று நான் ஓரடி முன்னே எடுத்து வைத்தேன். அதற்குள் ஆடு எட்டி அந்த இதயத்தைக் கவ்வி, மென்று விழுங்கிவிட்டது.

எஸ்தரின் உதடு பிதுங்கியது. ராமாயி அவளை அள்ளிக்கொண்டார்.

"அழுவாத சாமி! உங்கப்பன் கஞ்சின்னா இது உசுரையே உடும். ஏனுங்க, அப்படி என்னத்தப் போட்டுத்தான் காச்சுறீங்க?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "வெறும் அரிசிதானுங்க அக்கா. ஒரு சொம்பு கொண்டாரட்டுங்களா?"

சமாதானம் பேச நல்ல வார்த்தையாகத் தேடி நாள் கடத்தியவன் நான். அன்று வாயில் வந்த வார்த்தையே போதுமாயிருந்தது.