புது ஆப்பில் ஒரே ஒருவர்

ஐந்தருவிப் பாதையில் எனக்கு ஒரு சீசன் கடை. சோப்பு, துண்டு, எண்ணெய், சிப்ஸ். கடைக்காரர்களுக்கென்று செல்போனில் ஒரு குரூப் உண்டு. அருவிக்கு மேலே தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணாச்சியும் அதில் இருந்தார். கீழே வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டும். ஓடைத் தண்ணீர் கலங்கினால் அவர் பேசி அனுப்புவார். நாங்கள் விசில் ஊதி, குளிப்பவர்களை வெளியே ஏற்றிவிடுவோம்.

போன வருஷம் சீசன் முடியும் சமயம் புது ஆப் ஒன்று வந்தது. விளம்பரத் தொல்லை இல்லை என்று தென்காசியில் ஆளாளுக்குப் பேச, நான்தான் ஆர்வக்கோளாறில் கடை கடையாக ஏறி இறங்கி எல்லாரையும் அதற்கு மாற்றினேன். "பழசத் தூக்கிருங்க அண்ணாச்சி, இனி எல்லாம் இதுலதான்" என்றதும் நான்தான். அவர் தூக்கிவிட்டார்.

மற்றவர்கள் ஒரு மாதம் தாக்குப்பிடித்தோம். சரக்கு ஆர்டர், கல்யாணப் படம், பள்ளிக்கூட அறிவிப்பு எல்லாம் பழையதில்தான் வந்தன. ஒவ்வொருவராக நழுவித் திரும்பிவிட்டோம். அண்ணாச்சியிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டோம்.

இந்தச் சீசன் தொடங்கிய வாரம், சிவகிரியிலிருந்து வந்த என் அக்கா மத்தியானம் குளிக்கப் போனாள். என் போன் இடமில்லை என்று முரண்டு பிடித்தது. எப்போதோ சத்தத்தை அணைத்துவைத்த புது ஆப்பை அழித்துத் தொலைக்கலாம் என்று திறந்தேன். உள்ளே தினம் ஒன்றாக அண்ணாச்சியின் செய்திகள். 'தண்ணி நல்லாருக்கு.' 'இன்னிக்கும் பயமில்ல.' கடைசியில் மூன்று குரல் பதிவுகள், சற்றுமுன் வந்தவை.

"தண்ணி செம்மண்ணா வருது. ஆளுகள ஏத்துங்க. ஏன் ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கிய?"

விசிலைக்கூட எடுக்காமல், "மேல ஏறுங்க, மேல ஏறுங்க" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் அத்தனை பேரும் ஈரத்தோடு ஏறி வந்தார்கள். அக்கா மட்டும் இல்லை. அருவியின் இரைச்சல் மாறியது. மரக்கிளையோடு செந்நிறத் தண்ணீர் தடுப்புக் கம்பிமேல் வந்து விழுந்தது. நான்தான் அவளைக் கொன்றுவிட்டேன் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏட்டி, என்னத்துக்கு இங்கன உக்காந்து அழுத?" உடை மாற்றும் அறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு அக்கா வந்தாள்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"எல்லாரும் ஏறிட்டாவளா? நல்லது. இந்தப் புது குரூப்புதான் தேவல. சளசளன்னு யாரும் குறுக்க பேசுததில்ல."

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. மலைமேல் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, அதுல உங்களத் தவிர ஒருத்தரும் இல்ல. நாங்க எல்லாம் எப்பவோ பழசுக்கே போயிட்டோம்."



"அப்ப இத்தன நாளும் நான் ஆர்ட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்?"